எந்த யன்னல்?

இரவு முழுக்க ஹேர்கிங்கனில் பொதி பிரித்துவிட்டு
முதல் ரயிலில் ஓல்டன் வந்து
தலை காய முதல் படுத்தவளை
பத்தேகாலுக்கு எழுப்பியது ரெலிபோன்.

"மிஸஸ் அழகுராசா?
நான் டேனியல், கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து.
உங்கள் கணினிக்குள் வைரஸ் புகுந்துவிட்டது."
அமெரிக்கா போய்வந்த மாதிரி ஒரு ஆங்கிலம்.
பின்னால் நூறு டேனியல்கள் பேசும் இரைச்சல்.

வைக்கத்தான் போனேன்.
ஒரு எழுத்து வைக்கவிடவில்லை.

இருபத்திரண்டு வருடமாய் இந்த ஊரில்
டாக்டரிடம், நகரசபையில், சம்பளத் துண்டில்
எல் போட்டு எழுதிய என் மனுசன்ரை பேரை
அலகு, அலாகூ, ஃப்ராவ் ஆ என்றுதான் கூப்பிட்டார்கள்.
டேனியல் ழ போட்டு வாசித்தான்.
நாக்கை மடித்து, சுத்தமாக.

எழும்பி இருந்தேன்.

விண்டோஸ் பட்டனை அழுத்தச் சொன்னான்.
எங்கள் வீட்டில் மூன்று யன்னல், எந்த யன்னல் என்றேன்.
பொறுமையாக விளக்கினான்.
குசினி யன்னலால் ஆரே ஆற்றுப் புகார் தெரியுது,
மற்றதால் தண்டவாளம் என்றேன்.
இன்னும் பொறுமையாக விளக்கினான்.
திரையில் வரும் ஒன்பது இலக்கத்தை வாசிக்கச் சொன்னபோது
கோதுமை மா பைக்கற்றின் கோட்டு இலக்கத்தை
ஒவ்வொன்றாய், கண்ணாடி தேடுகிற இடைவெளி விட்டு,
வாசித்தேன்.

பத்தொன்பதாவது நிமிடம்
வாய்க்குழலைப் பொத்திப் பக்கத்துக் கதிரைக்குச் சொன்னான்:
"டேய், இது தேறாத கேஸ்டா."

"தேறாதுதான் தம்பி," என்றேன்.
"கொம்பியூட்டரே இன்னும் போடேல்லை."

மற்றத் தொண்ணூற்றொன்பது பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.
இவனிடம் மட்டும் மூச்சு.

மேல்மாடி ஃப்ராவ் வூட்ரிக்கைப் பற்றிச் சொன்னேன்.
தையில் அவவுக்கும் ஒரு டேனியல் எடுத்தான்.
பதினோராயிரம் பிராங்க்.
இப்ப கதவைத் தட்டினால் மூன்று தரம் ஆரென்று கேட்கிறா.
ஒருநாள் கால்செருப்போடு இறங்கி வந்து
கொம்பியூட்டரை எப்படி நிப்பாட்டினால்
நிப்பாட்டினபடியே இருக்கும் என்று என்னட்டைக் கேட்டா.

"அது நான் இல்லக்கா," என்றான்.
பிறகு, "ஜனவரில நான் இங்க சேரவே இல்ல."
மன்னிப்பு என்று ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு திடீரென்று, குரலை இறக்கி, அவசரமாய்:
"அப்டேட் கேட்டா நாளைக்குன்னு தள்ளாதீங்க.
எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்காதீங்க.
போட்டோவெல்லாம் தனி டிஸ்க்ல எடுத்து
வயரைக் கழட்டி வச்சிருங்க.
யாரு போன் பண்ணி ஸ்கிரீனைக் காட்டச் சொன்னா..."

வெட்டுப்பட்டது.
அவன் வெட்டினானா, அவனை வெட்டினார்களா.

நித்திரை போய்விட்டது.
துவாயை எடுத்துவிட்டு மெசினைப் போட்டேன்.
புரட்டாதியிலிருந்து காத்துக்கிடந்த அப்டேட்
முப்பத்தேழு.
சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, கோயிற் தேர் கெட்டது.
அதற்கிடையில் பிரிட்ஜில் ஒட்டியிருந்த மஞ்சள் துண்டை,
வங்கிக்கும் வரிக்கும் வட்சப்புக்கும் ஒன்றேயான
மகளின் பிறந்த தேதியை,
கிழித்துத் தேயிலைச் சக்கைக்குள் போட்டேன்.

பின்னேரம் பொலிஸ் படிவம்.
எடுத்த நேரம். காட்டிய இலக்கம்.
பணம் போனதா: இல்லை.
பேசிய மொழி: ஆங்கிலம்.
உச்சரிப்பில் கவனித்தது ஏதும் உண்டா?

கட்டத்துக்குள் கோடு ஒன்று மினுங்கி மினுங்கி நின்றது.
அக்கா என்றவன்.
மேலே கால்செருப்பு
குசினிக்கும் கதவுக்குமாய் நடக்கிற சத்தம்.

தமிழ் என்று எழுதினேன்,
ஜெர்மன் எழுத்தில்,
எல் போட்டு.